சவாரோ: மரம்போல் நிற்கும் பாலைக் கள்ளி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கள்ளிச்செடியை வரையச் சொன்னால் நம் ஊர்க் குழந்தைகள்கூட நட்டுக்குத்தாக ஒரு தண்டையும், அதன் இருபுறமும் மேல்நோக்கி மடங்கிய இரண்டு கைகளையும் வரைந்துவிடுகிறார்கள். கைபேசியில் உள்ள கள்ளிச் சின்னமும் அதே உருவம்தான். அந்த உருவத்துக்கு மூலமான சவாரோ, உலகில் ஒரே ஒரு பாலைவனத்தில் மட்டுமே இயற்கையாக வளர்கிறது. அதைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன.

இதன் பெயரைச் சகுவாரோ என்று சொல்வதா, சவாரோ என்று சொல்வதா?

ஸ்பானிய மொழி வழியாக வந்த இச்சொல்லின் உரோமன் எழுத்துக்கூட்டலில் நடுவே ககர ஒலிக்குரிய எழுத்து ஒன்று உள்ளது. அதைப் பார்த்துச் சிலர் 'சகுவாரோ' என எழுதுகிறார்கள். சவாரோ வளரும் அமெரிக்க மாநிலமான அரிசோனாவில் அந்த எழுத்தை ஒலிப்பதில்லை. 'சவாரோ' என்பதே பேச்சில் உள்ள வடிவம் என்பதால் இங்கும் அதுவே பின்பற்றப்படுகிறது.

தாவரவியல் பெயர் என்ன? அதில் ஒரு செல்வந்தரின் பெயர் ஏன் இருக்கிறது?

தாவரவியல் பெயர் கார்னேகியா ஜைஜான்டியா. 1848-இல் ஜார்ஜ் எங்கெல்மன் இதை முதன்முதலில் விவரித்தபோது, தூண் வடிவக் கள்ளிகள் பலவும் அடங்கியிருந்த சீரியஸ் என்ற பேரினத்தில் வைத்து, சீரியஸ் ஜைஜான்டியஸ் என்று பெயரிட்டார். 1908-இல் நதானியேல் பிரிட்டனும் ஜோசப் ரோஸும் இதைத் தனிப் பேரினமாகப் பிரித்து, எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னேகியின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். அவர் நிறுவிய வாஷிங்டன் கார்னேகி நிறுவனம்தான் 1903-இல் அரிசோனாவின் டூசான் நகரை ஒட்டிய துமமாக் குன்றில் பாலைவனத் தாவர ஆய்வகம் ஒன்றைத் தொடங்கியிருந்தது. அந்தக் குன்றின் சரிவெங்கும் சவாரோக்கள் நிற்கின்றன என்பதை நினைத்தால் பெயர்ச்சூட்டல் அப்படியொன்றும் பொருத்தமற்றதாகத் தோன்றவில்லை. இந்தப் பேரினத்தில் சவாரோவைத் தவிர வேறு சிற்றினம் எதுவும் கிடையாது.

இது மரமா, செடியா?

உயரத்தையும் பருமனையும் பார்ப்பவர் மரம் என்றே சொல்வார். வெட்டுமுகத்தைப் பார்ப்பவருக்கு அந்த உறுதி இருக்காது. வேம்பிலோ தேக்கிலோ தண்டின் பெரும்பகுதி கட்டையாக இருக்கும். வெளியே பட்டை மூடியிருக்கும். சவாரோவின் வெளிப்புறம் மெழுகு பூசியது போன்ற பச்சைத் தோல். அதற்கு உள்ளே, வெள்ளரிக்காயின் சதையைப் போல ஈரம் நிறைந்த கனத்த திசு. அந்தச் சதைக்குள், மைய அச்சைச் சுற்றி வட்டமாக நட்டுவைத்த மூங்கில் கழிகளைப் போல, ஒன்றிலிருந்து ஒன்று விலகி நிற்கும் கட்டை விலாக்கள். பல டன் எடையைத் தாங்குவது இந்தக் கழிக்கூடுதான். கழிகளுக்கு இடையே இடைவெளி இருப்பதால் தண்டு பருக்கவும் சுருங்கவும் முடிகிறது. கட்டை ஒரே உருளையாக இறுகியிருந்தால் அது நடக்காது.

செடி இறந்த பிறகு சதை அழுகி உதிர்ந்துவிடும். கழிக்கூடு மட்டும் எலும்புக்கூடாக ஆண்டுக்கணக்கில் நிற்கும். அந்தக் கழிகளைக் கொண்டு அப்பகுதியின் பழங்குடி மக்கள் கூரை வேய்ந்தார்கள், வேலி கட்டினார்கள். ஆகவே 'மரம்போன்ற கள்ளி' என்ற தொடர் பொருத்தமானதுதான். மரத்தின் வேலையை மரத்தின் அமைப்பு இல்லாமலே இது செய்கிறது.

நம் ஊர்ச் சதுரக்கள்ளிக்கும் சவாரோவுக்கும் உறவு உண்டா?

கிடையாது. தமிழில் 'கள்ளி' என்ற சொல் மிகவும் தாராளமானது. சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி ஆகியவை ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்த யூஃபோர்பியாக்கள். கீறினால் வெள்ளைப் பால் வடியும். சவாரோ கேக்டேசி குடும்பத்தைச் சேர்ந்தது. கீறினால் கொழகொழப்பான நீரே கசியும். இன்னும் நம்பகமான அடையாளம் முள்ளின் அடியில் உள்ளது. கேக்டேசி குடும்பத்தில் முட்கள் அரியோல் எனப்படும் பஞ்சு மெத்தை போன்ற சிறு திட்டிலிருந்து கொத்தாக முளைக்கும்; பூவும் கிளையும்கூட அங்கிருந்தே வரும். யூஃபோர்பியாவில் அந்தத் திட்டு இருக்காது.

வெவ்வேறு கண்டங்களில், வெவ்வேறு குடும்பங்களில் பிறந்த தாவரங்கள் வறட்சி என்ற ஒரே நெருக்கடிக்கு ஒரே வகை உடலைக்கொண்டு விடையளித்திருக்கின்றன. நம் ஊரில் எங்கும் காணப்படும் கள்ளிகளில் சவாரோவுக்கு உண்மையான சொந்தம் சப்பாத்திக்கள்ளிதான். அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து இங்கு வந்து குடியேறியதே.

சவாரோ எங்கெல்லாம் வளர்கிறது?

சொனோரா பாலைவனத்தில் மட்டும். அதாவது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தின் தென்பகுதியிலும் மெக்சிகோவின் சொனோரா மாநிலத்திலும். கொலராடோ ஆற்றைக் கடந்து கலிபோர்னியாவின் தென்கிழக்கு ஓரத்தில் சில செடிகள் உண்டு. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம் வரை வளரும். அதற்கு மேலே குளிர்காலப் பனி கொன்றுவிடும். அந்த எல்லையை ஒட்டி, வெயில் அதிகம் படும் தெற்குச் சரிவுகளில் மட்டும் சவாரோ நிற்பதையும், அதே குன்றின் வடக்குச் சரிவு வெறுமையாக இருப்பதையும் காணலாம்.

குளிர் ஒரு எல்லை என்றால் மழை மற்றோர் எல்லை. சொனோரா பாலைவனத்துக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலங்கள் உண்டு: குளிர்காலத்து மென்மழையும், ஜூலை தொடங்கி இடியோடு வரும் கோடைப் பருவமழையும். மேற்கே கலிபோர்னியா பக்கம் செல்லச் செல்லக் கோடை மழை அருகிவிடுவதால் சவாரோவும் அருகிவிடுகிறது.

கௌபாய்ப் படங்களில் டெக்சாஸ் காட்சிகளின் பின்னணியில் சவாரோ நிற்பது கலை இயக்குநர்களின் கைவண்ணம். டெக்சாஸில் இயற்கையாக ஒன்றுகூட வளர்வதில்லை.

எவ்வளவு உயரம் வளரும்? உலகின் மிகப் பெரிய கள்ளி இதுதானா?

முதிர்ந்த செடிகள் பொதுவாக 12 மீட்டர் அளவுக்கு உயரும். 15 மீட்டரைத் தாண்டியவையும் உண்டு. நீர் நிறைந்த நிலையில் ஒரு பெரிய சவாரோவின் எடை 6 டன்னுக்கும் மேல் போகும். அதில் பெரும்பகுதி நீரே.

அமெரிக்க ஐக்கிய நாட்டு எல்லைக்குள் இதுவே மிகப் பெரிய கள்ளி. உலக அளவில் அந்த இடம், மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவிலும் சொனோராக் கடற்கரையிலும் வளரும் கார்டோன் என்னும் கள்ளிக்கு உரியது. இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது. கார்டோனின் கிளைகள் பெரும்பாலும் தரைக்கு அருகிலேயே பிரியும். தண்டு இன்னும் பருமனாக இருக்கும். சவாரோவில் கைகள் ஆள் உயரத்துக்கு மேலேதான் தொடங்கும்.

தண்டில் உள்ள மடிப்புகள் எதற்காக?

ஆர்மோனியப் பெட்டியின் துருத்தியை நினைத்துக்கொண்டால் போதும். தண்டின் மேலிருந்து கீழ்வரை ஓடும் இந்த மடிப்புகள், மழைக்குப் பின் உள்திசு நீரை ஏற்று உப்பும்போது விரிந்து ஏறக்குறைய சமதளமாகின்றன. நீர் குறையக் குறைய மடிப்புகள் ஆழமாகி, தண்டு ஒடுங்குகிறது. தோல் கிழியாமலே உடல் பருத்து இளைக்க இந்த அமைப்பு வழிசெய்கிறது. ஒரு சவாரோவைத் தொலைவிலிருந்து பார்த்தே அந்தப் பகுதியில் அண்மையில் மழை பெய்ததா என்று அங்குள்ளவர்கள் சொல்லிவிடுவார்கள். மடிப்புகளின் மேடுகள் ஒன்றின் மேல் ஒன்று நிழல் வீழ்த்துவதும் ஒரு கூடுதல் பயன்.

வேர் எவ்வளவு ஆழம் போகும்?

இத்தனை பெரிய உடலைப் பார்ப்பவர் ஆழமான வேரை எதிர்பார்ப்பார். ஆணிவேர் ஒரு மீட்டருக்கும் குறைவான ஆழத்திலேயே நின்றுவிடுகிறது. மற்ற வேர்கள் தரைக்குக் கீழே 10 சென்டிமீட்டர் அளவிலேயே, செடியின் உயரத்துக்கு ஈடான தொலைவு வரை நாலாபக்கமும் படர்கின்றன. பாலைவன மழை பெரும்பாலும் மேல்மண்ணை நனைப்பதோடு சரி. வெயில் அந்த ஈரத்தை விரைவில் எடுத்துக்கொள்ளும். அதற்குள் உறிஞ்சியாக வேண்டும். ஒரு பெருமழையின்போது முதிர்ந்த செடி ஏறத்தாழ 750 லிட்டர் வரை உள்வாங்க முடியும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இந்த ஏற்பாட்டின் பலவீனமும் வெளிப்படையானது: மண் நன்கு ஊறிய நிலையில் பலத்த காற்று வீசினால், மேலே கனமும் கீழே ஆழமின்மையுமாகச் செடி வேரோடு சாய்ந்துவிடும்.

இலையே இல்லாமல் எப்படி உணவு தயாரிக்கிறது?

தண்டின் பச்சைத் தோலே இலையின் வேலையைச் செய்கிறது. அதைச் செய்யும் நேரம்தான் வேறு. பெரும்பாலான தாவரங்கள் பகலில் துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுக்கும். அப்போது நீராவியும் வெளியேறும். 40 பாகை செல்சியஸைத் தாண்டும் பாலைவனப் பகலில் அப்படிச் செய்தால் சேமித்த நீரெல்லாம் போய்விடும். ஆகவே சவாரோ பகல் முழுவதும் துளைகளை மூடிவைத்து, காற்று குளிரும் இரவில் திறக்கிறது. இரவில் எடுத்த கரியமில வாயுவை மாலிக் அமிலமாகத் திசுவுக்குள் இருப்பு வைத்து, மறுநாள் சூரிய ஒளியில் அந்த இருப்பிலிருந்து சர்க்கரை தயாரிக்கிறது. பாடநூல்களில் இதற்குக் கிராசுலேசியன் அமில வளர்சிதை மாற்றம் என்று பெயர். அன்னாசியும் கற்றாழையும் இதே முறையைக் கையாள்கின்றன.

இதில் நமக்கு நெருக்கமான ஒரு செய்தி உண்டு. சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகப் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளியின் இலையை மென்று பார்த்து, காலையில் அது புளிப்பாகவும் நண்பகலில் சுவையற்றும் இருப்பதைக் குறித்துவைத்தார். அவருடைய குறிப்பு 1815-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் வெளியானது. இரவில் சேரும் அமிலம் பகலில் செலவாவதை நாக்கைக் கொண்டே கண்டறிந்த பதிவு அது. பெயரில் கள்ளி இருந்தாலும் ரணகள்ளியும் கேக்டேசி குடும்பத்தைச் சேர்ந்ததன்று; ஆனால் அதனுள் நடக்கும் வேதியியலே சவாரோவுக்குள்ளும் நடக்கிறது.

முட்களின் பயன் பாதுகாப்பு மட்டும்தானா?

பாதுகாப்பு முதன்மையானதுதான். இளஞ்செடியிலும், பெரிய செடியின் அடிப்பகுதியிலும் முட்கள் 7 சென்டிமீட்டர் வரை நீண்டு, ஊசிபோல் விறைத்து நிற்கும். விலங்குகளின் வாய் எட்டாத உயரத்துக்குப் போன பிறகு, பூக்கும் பகுதியில் புதிதாக முளைப்பவை மென்மையாகவே இருக்கின்றன. தண்டின் உச்சியில் நெருங்கிய முட்களும் பஞ்சு போன்ற மயிரும் சேர்ந்து, வளரும் நுனிக்குக் கோடையில் நிழற்குடையாகவும் குளிர்காலத்தில் குல்லாவாகவும் அமைகின்றன. உச்சி கருகிவிட்டால் அந்தத் தண்டின் உயரம் அத்தோடு நின்றுவிடும் என்பதால் இந்தக் குல்லாவை அலங்காரமாகக் கொள்ள முடியாது.

எவ்வளவு மெதுவாக வளரும்? வயதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

சவாரோவைப் பற்றி ஒரே ஒரு செய்திதான் சொல்லலாம் என்றால் இந்த விடையைத்தான் சொல்ல வேண்டும். முளைத்து எட்டு ஆண்டுகள் ஆன செடியின் உயரம் 2.5 முதல் 4 சென்டிமீட்டர். நம் கட்டைவிரலின் மேல் கணுவைவிடச் சற்றே பெரிது. அந்த வயதில் அது முள் முளைத்த ஒரு பச்சைப் பொத்தான். கூழாங்கற்களுக்கு நடுவே கிடந்தால் கண்ணில் படாது. முதல் பூவைப் பூக்கச் சுமார் 35 ஆண்டுகள் ஆகின்றன. முதல் கை முளைக்க 50 முதல் 75 ஆண்டுகள். மழை குறைந்த இடங்களில் 100 ஆண்டுகள்கூட ஆகலாம். 125 ஆண்டுகளில் முழு வளர்ச்சி பெற்றதாகக் கொள்கிறார்கள். 150 முதல் 200 ஆண்டுகள் வரை வாழ்கிறது.

மரங்களில் எண்ணுவது போன்ற ஆண்டு வளையங்கள் இதில் இல்லை. ஒவ்வொரு வட்டாரத்திலும் அடையாளமிட்ட செடிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்து, எந்த உயரத்துக்கு எத்தனை வயது என்ற அட்டவணையை உருவாக்கி, அதைக்கொண்டே மதிப்பிடுகிறார்கள். மழை மிகுந்த சரிவில் 5 மீட்டர் வளர்ந்த செடியும் வறண்ட சமவெளியில் 5 மீட்டர் வளர்ந்த செடியும் ஒரே வயதாக இருக்காது என்பதால், ஓர் இடத்து அட்டவணையை இன்னோர் இடத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. இன்னொரு வழியும் உண்டு. முட்கள் உச்சியில் தோன்றிய வரிசையிலேயே தண்டின் மேல் நிலைத்துவிடுகின்றன. ஆகவே கீழிருந்து மேல்வரை முட்களை எடுத்து அவற்றில் உள்ள கார்பன் ஐசோடோப்புகளை அளந்தால், எந்த முள் எந்த ஆண்டில் உருவானது என்று கணிக்கலாம்.

எல்லாச் சவாரோவுக்கும் கைகள் இருக்குமா?

இருக்காது. வாழ்நாள் முழுவதும் ஈட்டி போல ஒற்றைத் தண்டாகவே நிற்பவை உண்டு. 20-க்கும் மேற்பட்ட கைகளைத் தாங்கியவையும் உண்டு. கை முதலில் தண்டின் பக்கவாட்டில் முள்ளடர்ந்த ஒரு பந்தாகத் தோன்றி, சற்று வெளியே நீண்டு, பிறகு மேல்நோக்கி வளைகிறது. பூக்கள் தண்டின் உச்சியிலும் கைகளின் நுனியிலுமே பூப்பதால், ஒவ்வொரு கையும் கூடுதல் பூவுக்கும் விதைக்கும் இடமாகிறது. சில செடிகளில் கைகள் தரையை நோக்கித் தொங்கி விநோதமாக முறுக்கிக் கிடக்கும். அது கடும்பனியில் கை துவண்டு இறங்கி, பிழைத்த பின் நுனி மீண்டும் மேல்நோக்கி வளர்ந்ததன் தழும்பு.

பூவைப் பற்றிச் சொல்லுங்கள்.

ஏப்ரல் பிற்பகுதி முதல் ஜூன் வரை பூக்கும் காலம். பூ உள்ளங்கை அகலம் இருக்கும். மெழுகில் வார்த்தது போன்ற வெள்ளை இதழ்கள். நடுவே மஞ்சள் மகரந்தத் தாள்கள் நெருக்கமாக, தூரிகை மயிர்போல. பொழுது சாய்ந்த பின் மலர்ந்து, மறுநாள் நண்பகலுக்குப் பின் மூடிவிடும். ஒரு பூவின் ஆயுள் அவ்வளவுதான். ஆனால் ஒரே செடியில் நாளுக்குச் சில பூக்களாக வாரக்கணக்கில் தொடர்ந்து மலர்வதால் விருந்து நின்றுபோவதில்லை.

இரவில் வருபவை நீண்ட மூக்குடைய ஒரு வகை வௌவால்கள். மெக்சிகோவிலிருந்து வலசை வருபவை. விடிந்ததும் வெண்சிறகுப் புறாக்களும் தேனீக்களும் வந்துவிடும். தன் மகரந்தத்தால் சவாரோ கருவுறாது. வேறொரு செடியின் மகரந்தம் வந்தே ஆகவேண்டும். இரவு, பகல் என இரு வேளைக்கும் பூவைத் திறந்து வைத்திருப்பதன் காரணம் இதில் உள்ளது. இந்தப் பூவே 1931 முதல் அரிசோனாவின் மாநில மலர்.

ஒரு பழத்தில் ஆயிரக்கணக்கான விதைகள் இருந்தும் ஏன் சவாரோ காடாகப் பெருகுவதில்லை?

ஒரு பழத்தில் கடுகைப் போன்ற கருநிற விதைகள் 2,000 வரை இருக்கும். ஒரு செடி நூறாண்டுக்கு மேல் காய்க்கும். வாழ்நாளில் அது உருவாக்கும் விதைகள் கோடிக்கணக்கில் வரும். அத்தனையிலும் முழுச் செடியாகத் தேறுபவை விரல்விட்டு எண்ணக்கூடியவை.

பழங்கள் ஜூன் மாத இறுதியில், பாலைவனம் காய்ந்து கிடக்கும் உச்சத்தில், கோடை மழைக்குச் சற்று முன்பாகப் பழுக்கின்றன. பழம் வெடித்து உட்புறம் வெளியே மடங்கும்போது செந்நிறச் சதை பூ மலர்ந்தது போலவே தோன்றும். சிவப்புப் பூ பூத்திருக்கிறது என்று ஏமாறுபவர்கள் ஏராளம். பறவைகளும் கொயோட்டி என்னும் ஓநாய் இன விலங்குகளும் எறும்புகளும் ஆமைகளும் சதையையும் விதையையும் தின்கின்றன. தப்பிய விதை மழை வந்ததும் முளைக்கும். முளைத்தவற்றில் பெரும்பாலானவை வெயிலில் வாடியோ, பனியில் உறைந்தோ, எலிகளுக்கும் பூச்சிகளுக்கும் இரையாகியோ முதல் ஆண்டிலேயே முடிந்துவிடும்.

பிழைப்பவை பெரும்பாலும் ஒரு மரத்தடியில் விழுந்தவை. பாலோ வெர்டே, அயர்ன்வுட், மெஸ்கீட் போன்ற மரங்களின் நிழல் பகல் வெப்பத்தைக் குறைக்கிறது. இரவில் தரையின் சூட்டைப் போர்வைபோல் பிடித்துவைக்கிறது. இப்படி உதவும் மரத்தைச் செவிலித் தாவரம் என்பார்கள். அந்த மரத்தில் வந்து அமரும் புறாவின் எச்சத்தோடுதான் விதையும் பல நேரம் அங்கு விழுகிறது. பல பத்தாண்டுகளுக்குப் பின் சவாரோ மரத்தை மீறி வளர்ந்து, கிடைக்கும் நீரில் பெரும்பங்கைத் தன் மேலோட்டமான வேர்களால் எடுத்துக்கொள்ளும்போது, வளர்த்த செவிலி பட்டுப்போவதும் உண்டு. ஒரு சவாரோவின் பக்கத்தில் காய்ந்த பாலோ வெர்டே நின்றால் இந்தக் கதையை ஊகித்துக்கொள்ளலாம்.

தண்டில் காணப்படும் ஓட்டைகள் நோயின் அறிகுறியா?

பெரும்பாலும் அவை வீடுகள். ஹீலா மரங்கொத்தியும், ஃபிளிக்கர் என்னும் இன்னொரு மரங்கொத்தியும் சதையைக் குடைந்து பொந்து அமைக்கின்றன. காயத்தைச் சுற்றிச் செடி ஒரு கெட்டியான தழும்புத் திசுவை உருவாக்கி நீர்க்கசிவை அடைத்துவிடும். உட்சுவர் காய்ந்து இறுக மாதக்கணக்கில் ஆகும். பறவை காத்திருந்து குடியேறும். மரங்கொத்தி காலிசெய்த பொந்தில் எல்ஃப் ஆந்தை குடிவரும். சிட்டுக்குருவியின் பருமனே உள்ள அது உலகின் மிகச் சிறிய ஆந்தைகளுள் ஒன்று.

செடி இறந்து சதை அழுகிய பிறகும் அந்தத் தழும்புக் கூடு அழுகுவதில்லை. வாய் குறுகி, கீழே வளைந்து இறங்கும் அதன் வடிவம் காலணியை ஒத்திருப்பதால் 'சவாரோ பூட்ஸ்' என்றே அதற்குப் பெயர். தட்டினால் சுரைக்குடுக்கையின் ஓசை வரும். பழங்குடி மக்கள் அதைப் பாத்திரமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

சில செடிகளின் உச்சி விசிறிபோல் விரிந்திருப்பது ஏன்?

உச்சியில் ஒரே புள்ளியாக இருக்க வேண்டிய வளர்நுனி, கோடாக நீண்டுவிடுவதால் தோன்றும் கொண்டை அது. அரிதானது. சேவற்கொண்டைப் பூவில் நாம் பார்ப்பதும் இதே நிகழ்வுதான்.

தாகத்தில் தவிப்பவர் சவாரோவை வெட்டி நீர் குடிக்கலாமா?

கூடாது. உள்ளே இருப்பது தெளிந்த நீரன்று. கார்னேகின் உள்ளிட்ட ஆல்கலாய்டுகள் கலந்த கொழகொழப்பான கசப்புச் சாறு. குடித்தால் வாந்தி எடுத்து, உடலில் இருந்த நீரையும் இழக்க நேரும். பழம் மட்டும் நல்ல உணவு.

சவாரோவின் முதன்மை எதிரி எது?

நெடுங்காலமாகப் பனி. உறைநிலைக் குளிர் ஒரு முழு நாளுக்கு மேல் நீடித்தால் செடி தாங்காது. 1937-இன் கடுங்குளிருக்குப் பின், டூசானுக்குக் கிழக்கே உள்ள சவாரோக் காட்டில் தண்டுகள் கறுத்து அழுகத் தொடங்கியபோது, ஒரு பாக்டீரியாவே காரணம் என்று முடிவுகட்டி, நோய்ப்பட்ட செடிகளை வெட்டிப் புதைத்துப் பார்த்தார்கள். அழுகல் நிற்கவில்லை. குளிரில் ஏற்கெனவே செத்த திசுவில்தான் பாக்டீரியா பெருகியது என்ற தெளிவு பின்னர் வந்தது. அந்தக் காடு மெலிந்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது: சுண்ணாம்புச் சூளைகளுக்காகச் செவிலி மரங்களை வெட்டியிருந்தார்கள்; கால்நடைகள் இளஞ்செடிகளை மிதித்திருந்தன. பெரியவை செத்தபோது இடத்தை நிரப்ப இளையவை இல்லை. இப்போது அங்கே புதிய தலைமுறை எழுந்துவருகிறது.

வெப்பமும் இப்போது எதிரியாகியிருக்கிறது. 2023 கோடையில் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் 31 நாள் தொடர்ந்து பகல் வெப்பம் 43 பாகை செல்சியஸைத் தாண்டியது. அதைவிட இரவுகள் குளிராததே சவாரோவுக்குப் பெரிய அடி. இரவில் துளை திறந்து மூச்சுவிடும் செடிக்கு இரவும் கொதித்தால் போக்கிடமில்லை. நகரத் தோட்டங்களில் நின்ற முதிய செடிகள் கைகளை உதிர்த்தும், அடியோடு சரிந்தும் விழுந்தன.

சவாரோவுக்குப் பஃபல் புல்லால் ஆபத்து என்கிறார்களே, அது என்ன?

நமக்கு நன்றாகத் தெரிந்த கொழுக்கட்டைப் புல்தான். காங்கேயம் பகுதியில் கிளுவை வேலிக்குள் வெள்வேல மர நிழலில் மாடு மேயும் கொறங்காடுகளின் உயிர்நாடியான அதே செங்க்ரஸ் சிலியாரிஸ். வறட்சியைத் தாங்கி, மேய மேயத் துளிர்க்கும் அருமையான தீவனம் என்பதில் நம் உழவர்களுக்கு ஐயமில்லை. அதே நற்குணங்களுக்காகத்தான் 1930-களில் அமெரிக்க மண்வளப் பாதுகாப்புத் துறை, ஆப்பிரிக்காவிலிருந்து பெற்ற விதைகளைத் தீவனத்துக்கும் மண் அரிப்பைத் தடுக்கவும் சவாரோ வளரும் பகுதியில் பரப்பியது.

சொனோரா பாலைவனத்தில் செடிக்கும் செடிக்கும் நடுவே வெற்றுத்தரை இருக்கும். தீப்பற்றினாலும் அங்கேயே அணைந்துவிடும். ஆகவே சவாரோ தீயைச் சமாளிக்கப் பழகவே இல்லை. கொழுக்கட்டைப் புல் அந்த வெற்றுத்தரையை நிரப்பி, காய்ந்து, தீயைக் குன்றுக்குக் குன்று கடத்துகிறது. எரிந்த பின் புல் வேரிலிருந்து மீண்டும் தழைக்கிறது. 100 வயதுச் சவாரோ தழைப்பதில்லை. டூசான் பகுதியில் தன்னார்வலர்கள் கடப்பாரையால் ஒவ்வொரு தூராகப் பெயர்த்தெடுக்கிறார்கள். ஒரு புல் ஓரிடத்தில் சொத்தாகவும் இன்னோர் இடத்தில் கேடாகவும் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

சவாரோவை வெட்டுவது குற்றமா? வாங்கி வந்து வீட்டில் வளர்க்கலாமா?

அரிசோனாவில் அனுமதியின்றி வெட்டுவதும் பெயர்த்துச் செல்வதும் குற்றம். டூசானை ஒட்டி 1933-இல் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டு 1994-இல் தேசியப் பூங்காவான சவாரோ தேசியப் பூங்காவில், திருட்டைத் தடுக்கச் செடிகளுக்குள் மின்னணுச் சில்லுகளைப் பொருத்தியிருக்கிறார்கள். 1982-இல் ஃபீனிக்ஸுக்கு அருகே வேடிக்கைக்காகச் சவாரோவைத் துப்பாக்கியால் சுட்ட ஒருவர், முறிந்து விழுந்த பெருங்கைக்கு அடியில் சிக்கி இறந்தார்.

கள்ளிகளின் பன்னாட்டு வணிகம், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதால் உரிய ஆவணங்கள் இன்றிச் செடியை எடுத்துவர இயலாது. விதையிலிருந்து தொட்டியில் வளர்ப்போர் உலகெங்கும் இருக்கிறார்கள். மணல் மிகுந்த, நீர் தேங்காத மண் வேண்டும். பத்தாண்டு கழித்தும் அது தேநீர்க் குவளைக்குள் அடங்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

அங்குள்ள மக்களுக்குச் சவாரோ என்னவாக இருக்கிறது?

இந்தப் பாலைவனத்தின் தொல்குடிகளான தொஹோனோ ஓதம் மக்கள் சவாரோவை மனிதர்களுள் ஒருவராகவே கருதுகிறார்கள். பழம் பழுக்கும் ஜூன் இறுதியில் அவர்களுடைய புத்தாண்டு பிறக்கிறது. காய்ந்த சவாரோவின் விலாக் கழிகளையே நீளமாக இணைத்து, நுனியில் குறுக்குக் கட்டை கட்டிய துரட்டியால் பழங்களைத் தட்டி விழவைக்கிறார்கள். சதையை நீரில் வேகவைத்து வடிகட்டி, கருஞ்சிவப்புப் பாகாகக் காய்ச்சுகிறார்கள். விதையை மாவாக அரைக்கிறார்கள். பாகின் ஒரு பகுதியை நொதிக்கவைத்து எடுக்கும் மது, மழையை அழைக்கும் சடங்குக்கு உரியது. சதையை வழித்தெடுத்த பழத்தோலை அவர்கள் தூக்கி எறிவதில்லை. சிவந்த உட்புறம் வானத்தைப் பார்த்திருக்கும்படி செடியின் அடியிலேயே, மழை வரட்டும் என்று வைத்துவிட்டுப் போகிறார்கள்.